வழியில் பார்த்துக்கொண்டவர்

அந்த மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் ஐஸக்காதான். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. தரைத்தளத்து ஆய்வகத்தில் ஐஸ் செய்யும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. கேன்டீன்காரர்கள் ஜூஸுக்கு வேண்டுமென்று அதிலிருந்து சத்தமில்லாமல் அள்ளிக்கொண்டு போவார்கள். அவள் மூன்று மாடி இறங்கி வந்து, "என் ஐஸ்ல யாருய்யா கை வச்சது?" என்று ஒரு சத்தம் போட்டால் கேன்டீனில் கரண்டி விழும். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவரான பெரிய டாக்டர்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

ஐஸ் அவள் சர்பத் போடக் கேட்பதல்ல. தானமாக வந்த சிறுநீரகம் ஓர் உடம்பை விட்டு வெளியே வந்து இன்னோர் உடம்புக்குள் போகும்வரை நடுவில் ஒரு நேரம் இருக்கிறதே, அந்த நேரம் முழுக்க அவள் பொறுப்பு. மூன்றாம் மாடியில், துணி அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. சன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டி தெரியும். அறையின் நடுவே தள்ளுவண்டியில் ஒரு பம்ப்பு. பயணப்பெட்டி அளவுதான் இருக்கும். அதன் தொட்டியில் ஐஸும் தண்ணீரும். நடுவில் கண்ணாடிபோல் தெளிந்த மூடி போட்ட கிண்ணம். கிண்ணத்தில் சிறுநீரகம் கிடக்கும். அதன் தமனியில் ஒரு குழாயை மாட்டி, குளிர்ந்த திரவத்தை இதயம் துடிப்பதுபோல விட்டு விட்டு உள்ளே செலுத்திக்கொண்டிருக்கும் அந்தப் பம்ப்பு. நான்கு டிகிரிக்கு மேல் ஏறவும் கூடாது, உறைந்துபோகவும் கூடாது.

பயிற்சிக்கு வரும் நர்சுகள், ஏன் இந்தக் குளிர் என்று கேட்டால் அவள் சொல்வாள்: "குளிர்ல வச்சா அதுக்குப் பசிக்காது. உடம்ப விட்டு வந்தாச்சு, சோறு போட ஆளில்ல. பசிச்சா செத்துப்போயிடும். அதான் தூங்க வச்சிருக்கோம்."

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அவள் தங்கை வீடு மாறும் நாள். பாத்திரம் பண்டமெல்லாம் கட்டிக்கொடுக்கக் காலை எட்டு மணிக்கு வந்துவிடுவதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். ஆறரைக்கே மருத்துவமனையிலிருந்து அழைப்பு. ஏழு மணிக்கு வந்து சேர்ந்தது ஒரு பெட்டி.

கொண்டுவந்த உறுப்புதான ஒருங்கிணைப்பாளர் ஐம்பது வயதுக்காரர். தானம் கொடுக்கும் குடும்பங்களோடு பேசிப் பேசியே தொண்டை கட்டிப்போன மனிதர்.

"அக்கா, முன்னாடியே சொல்லிடறேன்," என்றார். "இது ரெண்டு ஆஸ்பத்திரியில வேண்டாம்னு சொன்னது. ஐம்பத்தெட்டு வயசு. லிஃப்ட் மெக்கானிக். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரைய ஒழுங்கா போடாத ஆளு. மூளையில ரத்தக்கசிவு. மூளைச்சாவுன்னு முடிவு பண்ணி, அவர் சம்சாரம் சம்மதிச்சு, விடியறதுக்கு முன்னாடி எடுத்தாங்க. இடது சிறுநீரகம் அங்கயே ஒருத்தருக்குப் போயிடுச்சு. இது வலது. ரத்தக்குழாய் தடிச்சிருக்குன்னு ஒதுக்கிட்டாங்க."

"நம்ம பெரிய டாக்டர் என்ன சொன்னார்?"

"அக்கா பம்ப்புல போடட்டும், அப்புறம் பேசலாம்னார்."

சின்ன டாக்டர் வந்து தமனியில் குழாயைப் பொருத்திக் கட்டினார். முப்பது வயதைத் தாண்டியவர், கைவேகம் உள்ளவர், அன்று மூன்று அறுவைச் சிகிச்சைகள் வரிசையில் இருந்ததால் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவர் மாதிரி நின்றார். கட்டி முடித்ததும் ஓடிவிட்டார். அவள் பம்ப்பை ஓட்டினாள்.

திரையில் அவளுக்கு முக்கியமான எண் ஒன்றுதான். திரவம் உள்ளே போக சிறுநீரகம் எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்று சொல்லும் எண். நல்ல சிறுநீரகம் என்றால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் புள்ளி முப்பதுக்குக் கீழே இறங்கிவிடும். புள்ளி நாற்பதுக்குக் கீழே வந்தால் பெரிய டாக்டர் யோசிப்பார். இது புள்ளி எழுபதில் ஆரம்பித்தது.

"பெரிய முரண்டுதான் போல," என்றாள் அவள், கிண்ணத்தைப் பார்த்து.

எட்டரைக்குத் தங்கையின் அழைப்பு. "வேன் வந்து வாசல்ல நிக்குது. நீ எங்க நிக்கற?"

"ஒரு கிட்னி வந்திருக்குடி."

"எப்பப் பாரு கிட்னி! எனக்குக் கல்யாணம் நடந்த அன்னைக்கும் கிட்னி, குழந்த பொறந்த அன்னைக்கும் கிட்னி. நாலு பேர் வீட்டு அக்கா மாதிரி உனக்கு ஒரு தலைவலி, கால்வலின்னு காரணம் வரவே வராதா?"

"சாயந்தரம் வந்துடறேன். கண்ணாடிச் சாமான நீ தொடாத. உடைச்சுத் தொலைப்ப."

தங்கை போனை வைத்துவிட்டாள்.

ஒன்பது மணிக்கு எண் புள்ளி ஐம்பத்தெட்டு. அவள் ஐஸ் மாற்றினாள். பதினொரு மணிக்குப் புள்ளி ஐம்பத்தைந்து. மெல்ல இறங்கினாலும் இறங்குகிறதே என்று கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனால் அதோடு நின்றுவிட்டது. பன்னிரண்டுக்கும் ஐம்பத்தைந்து. ஒரு மணிக்கும் ஐம்பத்தைந்து. ஆணி அடித்தாற்போல் அசையவில்லை.

கீழே காத்திருப்பு அறையில் ஒரு பெண் காலையிலிருந்து வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஏழு வருஷமாக வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இதற்கு முன் இரண்டு முறை இப்படிக் கூப்பிட்டு, சரிப்படவில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். பெரிய டாக்டர் போனில் சொன்னார்: "ரெண்டு மணிக்கு வந்து பாப்பேன் அக்கா. இப்படியே நின்னா அந்தம்மாவ வீட்டுக்கு அனுப்பிடலாம். பட்டினி போட்டு ஆசையக் காட்டறது பாவம்."

அவள் மணிக்கு மணி எண்ணைக் குறித்து வைத்துவிட்டு, இரண்டு மணிக்குப் பம்ப்பை நிறுத்தியிருந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கமாட்டார்கள். அவளுக்கு என்னவோ மனசு ஒப்பவில்லை. கெட்டுப்போன சிறுநீரகங்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அவை ஆரம்பத்திலிருந்தே இறங்காது. இது இறங்கி, நடுவழியில் நின்ற சிறுநீரகம். ஏன் நிற்க வேண்டும்?

கைவிளக்கை எடுத்து மூடியின் மேலே பிடித்துக் குனிந்து பார்த்தாள். மேல்பாதி வெளுத்து, ஒரே சீராக இருந்தது. கீழ்ப்பாதியில் திட்டுத் திட்டாகக் கறுப்பு. திரவம் அங்கே சரியாகப் போய்ச் சேரவில்லை. விளக்கை மெல்லத் தமனிப் பக்கம் நகர்த்தினாள். குழாய் நுழையும் இடத்துக்குச் சற்று உள்ளே, கொழுப்பு மூடியிருந்த இடத்தில், ஈரத் துணியைப் பிழிய ஆரம்பித்ததுபோல ஒரு மெல்லிய சாய்ந்த கோடு.

மணி ஒன்று இருபது. சின்ன டாக்டர் கேன்டீனில் முதல் கவளத்தை வாயில் வைக்கப் போகும்போது எதிரே வந்து நின்றாள்.

"டாக்டர், கொஞ்சம் வாங்க. தமனி முறுக்கியிருக்கு போல."

அவர் முகம் மாறியது. "நான்தானே அக்கா கட்டினேன்? ஒழுங்காத்தான் கட்டினேன்."

"கட்டு நல்ல கட்டுதான். நான் கட்டக் குத்தம் சொல்லல. உள்ள ஒரு சுத்து விழுந்திருக்கு. வந்து ஒரு பார்வ பாத்துட்டுச் சாப்பிடுங்க. சோறு எங்கயும் ஓடிப்போகாது."

அவர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எழுந்து வந்தார். இருவரும் கை கழுவி, அங்கியும் கையுறையும் போட்டு, பம்ப்பை நிறுத்தி மூடியைத் திறந்தார்கள். அவர் கொழுப்பை விலக்கினார்.

"அரை சுத்து," என்றார் மெதுவாக. காதுமடல் சிவந்துவிட்டது.

"பிரிச்சு மறுபடி கட்டுங்க. நான் பிடிச்சுக்கறேன்."

கட்டை அவிழ்த்து, தமனியை நேராக்கி, மறுபடி கட்ட ஏழு நிமிஷம் ஆனது. பம்ப்பு ஓட ஆரம்பித்ததும் எண் திக்கித் திக்கி நகர்ந்தது. ஐம்பத்தைந்து. ஐம்பத்திரண்டு. நாற்பத்தொன்பது. சின்ன டாக்டர் சாப்பிடப் போகவில்லை. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

சரியாக இரண்டு மணிக்குப் பெரிய டாக்டர் உள்ளே வந்தபோது புள்ளி நாற்பத்தாறு. "என்ன, திடீர்னு மனசு மாறிடுச்சா அதுக்கு?" என்றார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் சின்ன டாக்டர் முந்திக்கொண்டார். "என் தப்பு சார். தமனி அரை சுத்து முறுக்கியிருந்தது. காலைல அவசரத்துல கவனிக்கல. அக்காதான் கண்டுபிடிச்சாங்க."

பெரிய டாக்டர் அவரை ஒரு கணம் பார்த்தார். திட்டவில்லை. "நாலு மணிவரைக்கும் விடுவோம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நாலு மணிக்குப் புள்ளி முப்பத்தாறு. கறுப்புத் திட்டுகள் கரைந்து, கீழ்ப்பாதியும் வெளுத்திருந்தது. பெரிய டாக்டர் கையுறை போட்ட விரலால் அதை மெல்ல அழுத்திப் பார்த்தார். "கொஞ்சம் கெட்டிதான். ஆனா கல்லு இல்ல," என்றார். பிறகு சின்ன டாக்டரிடம், "கீழ இருக்கற அம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. காலைலேர்ந்து காத்திருக்காங்க," என்றார்.

ஆறு மணிக்கு முன்பே பம்ப்பு அறுவை அரங்குக்குள் உருண்டு போனது. வாசல்வரை தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு அவள் திரும்பினாள். காலையிலிருந்து குடித்தது ஒரே ஒரு டீ என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

தங்கையின் புது வீட்டில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே விளக்கு ஏற்றும் நேரத்துக்குப் போய் நின்றாள். "வந்துட்டாங்கப்பா மகாராணி," என்றாள் தங்கை. ஆனாலும் ஒரு தட்டில் சோற்றைப் போட்டு நீட்டினாள். அவள் நாலு வாய் சாப்பிடும்வரை பொறுத்திருந்துவிட்டு, "பொழைச்சுதா?" என்றாள்.

"இன்னும் தெரியாது."

"தெரியாமத்தான் இந்த ஓட்டமா?"

"ஆமா."

அது உண்மைதான். அந்தச் சிறுநீரகம் உள்ளே போய்த் தைக்கப்பட்டும் விழித்துக்கொள்ளவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். சொட்டுக்கூடச் சிறுநீர் இறங்கவில்லை. புதுச் சிறுநீரகத்தை வயிற்றில் வைத்துக்கொண்டே அந்தக் கார் கற்றுக்கொடுக்கும் அம்மா டயாலிசிஸுக்குப் போய்வந்தார். ரத்தக்குழாய் தடித்தவை இப்படிக் கொஞ்ச நாள் தூங்கும், பயப்பட வேண்டாம் என்று பெரிய டாக்டர் எல்லோருக்கும் சொன்னார். அவர் முகத்தில் மட்டும் அந்தப் பயம் இருந்தது. ஐஸக்கா தினமும் வேலை முடிந்து போகும்போது வார்டு வாசலில் நின்று நர்சைப் பார்ப்பாள். நர்ஸ் உதட்டைப் பிதுக்குவாள். அவ்வளவுதான். 'ரெண்டு இடத்தில் வேண்டாம் என்றதை நாம்தான் இழுத்துப் பிடித்தோமோ, அந்தம்மா வயிற்றை வீணாக அறுக்க வைத்தோமோ' என்று படுத்தால் தூக்கம் வரவில்லை.

பத்தாம் நாள் காலை வார்டிலிருந்து போன். "அக்கா! நூறு மில்லி!"

"என்னது?"

"மூத்திரம், அக்கா! நூறு மில்லி!"

அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று மருத்துவமனைக்கு வெளியே யாரிடமும் சொல்லிப் புரிய வைக்க முடியாது. மறுநாள் அரை லிட்டர். அடுத்த நாள் ஒன்றரை. துணி அறைக்காரர், "என்னக்கா, லாட்டரி விழுந்த மாதிரி நிக்கறீங்க," என்று கேட்டார். வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது அவளுக்கு.

இன்னும் மூன்று வாரம் கழித்து, ஒரு பிற்பகலில், ஒருங்கிணைப்பாளர் அவள் அறைக் கதவைத் தட்டினார். "அக்கா, உங்களப் பாக்க ஒருத்தங்க வந்திருக்காங்க."

"என்னையா? பெரிய டாக்டர் ரெண்டாம் மாடியில இருக்காரே."

"உங்களத்தான்."

உள்ளே வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். அகலமான கைகள், மணிக்கட்டில் பழைய சூட்டுத் தழும்புகள். காகிதத்தில் சுற்றிய பெரிய ரொட்டி ஒன்றை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். பேக்கரியில் மாவு பிசையும் வேலை என்று பிறகு சொன்னார். அந்த லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி.

ஐஸக்கா சட்டென்று எழுந்து, இருந்த ஒரே நாற்காலியை அவருக்குப் போட்டாள். "அம்மா, யாருக்கு வச்சோம்னு நாங்க சொல்லக் கூடாது..."

"யாருக்குப் போச்சுன்னு கேக்க வரலம்மா," என்றார் அவர். "போற வழியில பாத்துக்கிட்டது யாருன்னு பாக்க வந்தேன்."

அந்தம்மா மேலே பேசினார். நிதானமாக, ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு.

"அன்னைக்கு இவர்தான் போன் பண்ணினார்," என்று ஒருங்கிணைப்பாளரைக் காட்டினார். "ஒண்ணு ஒருத்தருக்குப் போயிடுச்சும்மா, இன்னொண்ண ரெண்டு எடத்துல வேண்டாம்னுட்டாங்கன்னார். இவர் தப்பாச் சொல்லல, நான்தான் எல்லாத்தையும் மறைக்காம சொல்லுங்கன்னு கேட்டிருந்தேன். ஆனா அந்த வார்த்த என்னவோ பண்ணிடுச்சு. முப்பது வருஷம் கூட இருந்த மனுசன். அவரப் போய் வேண்டாம்னு சொன்ன மாதிரி. மாவு பிசையும்போதெல்லாம் அதுதான் காதுல. அப்புறம் இவர் மறுபடி பேசினார். அதுவும் வேலை செய்யுதும்மா, ஒருத்தங்க காலைலேர்ந்து பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டாங்கன்னார். யாருன்னு கேட்டேன். ஐஸக்கான்னார்." அவர் லேசாகச் சிரித்தார். "இது என்னடா பேருன்னு நெனச்சேன்."

"ஐஸுக்குச் சண்ட போடுவேன்மா. அதான்."

"அவர எதுல வச்சிருந்தீங்க? பாக்கலாமா?"

இந்த வேலைக்கு வந்த பதினான்கு வருஷத்தில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. அவள் மேலே மூடியிருந்த துணியை விலக்கிப் பம்ப்பைக் காட்டினாள். கிண்ணம் காலியாக, சுத்தமாக இருந்தது. எங்கே படுத்திருந்தது, திரவம் எப்படிப் போகும், எண் எங்கே தெரியும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவள் 'அது' என்று சொல்லிக்கொண்டே போனாள். அந்தம்மா 'அவர்' என்றே கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவளுக்கும் 'அவர்' வந்துவிட்டது.

"ரொம்பக் குளிரா இருந்திருக்குமோ?"

"நாலு டிகிரிம்மா. குளிர்ல இருந்தாத்தான் பசியில்லாம தூங்குவார்."

அந்தம்மா வாயில் கை வைத்தார். "அய்யோ, அவருக்குக் குளிரே ஆகாது! ஃபேன ஒண்ணுல வச்சாலே போர்வையத் தேடுவார். அந்தச் சண்டையிலயே பாதிக் காலம் போச்சு எங்களுக்கு." சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. ஐஸக்கா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அந்த அகலக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கதவருகே யாரோ நின்ற சத்தம். சின்ன டாக்டர். யார் வந்திருப்பது என்று கேள்விப்பட்டு மேலே ஏறி வந்திருந்தார். எப்போதிலிருந்து நின்றாரோ தெரியவில்லை. அந்தம்மாவுக்கு முன்னால் வந்து நின்று, ஒரு மூச்சு விட்டு, சொன்னார்: "அம்மா, அன்னைக்குக் குழாய முதல்ல தப்பாப் பொருத்தினது நான்தான். அக்கா வந்து கூப்பிடலேன்னா அது வீணாப் போயிருக்கும். உங்ககிட்டச் சொல்லாம இருக்க முடியல."

ஒருங்கிணைப்பாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தம்மா கண்ணைத் துடைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். "கூப்பிட்டதும் வந்தீங்களா?"

"சாப்பாட்ட விட்டுட்டு வந்தாரும்மா," என்றாள் ஐஸக்கா.

"அப்புறம் என்ன தம்பி. அவரும் இப்படித்தான். வேலைய முடிச்சுட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட உக்காந்தப்புறம், அந்த அஞ்சாவது மாடிக் கதவச் சரியா மாட்டினேனான்னு ஒரு சந்தேகம் வந்துடும். தட்ட மூடி வச்சுட்டுப் போயிடுவார். நான் கத்துவேன்." ரொட்டிக் காகிதத்தைப் பிரித்தார். "கத்தி இருக்கா? எல்லாரும் ஒரு துண்டு சாப்பிடுங்க. காலைல நான் பிசைஞ்சது."

கத்தி இருந்தது, ஆனால் ரொட்டி வெட்டும் கத்தி இல்லை. பிய்த்தே சாப்பிட்டார்கள். நடுவில் பெரிய டாக்டர் எட்டிப் பார்த்து, என்ன விருந்து என்று கேட்டு, யார் என்று தெரிந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தம்மாவுக்குக் கைகூப்பினார். தனக்கும் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஐஸக்கா ரொட்டியை மென்றுகொண்டே யோசித்தாள். பிழைத்தவர்கள் வருஷா வருஷம் வந்து டாக்டரைக் கும்பிடுவார்கள், வார்டில் இனிப்புக் கொடுப்பார்கள். மூன்றாம் மாடிக்கு யாரும் வந்ததில்லை. வரவேண்டும் என்று அவளும் நினைத்ததில்லை. அப்படித்தான் இவ்வளவு நாளும் நம்பிக்கொண்டிருந்தாள். இப்போது கையிலிருக்கும் துண்டைத் தின்று தீர்க்க மனசு வராததைப் பார்த்தால் உள்ளே எங்கேயோ நினைத்திருக்கிறாள் போல. இந்த அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கொடுத்தவர், இழந்தவர் அவர். நன்றி சொல்லவும் அவரே படியேறி வந்திருக்கிறார்.

"அம்மா, நீங்க வந்ததுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்மா," என்று அந்தம்மா அவள் தோளில் தட்டினார்.

வெளிவாசல்வரை கூடவே இறங்கிப் போனாள். வெயில் தணிந்திருந்தது. மரத்தடியில் ஸ்கூட்டர் பக்கத்தில் தலை நரைத்த ஒருவர் நின்றிருந்தார். "என் கொழுந்தன்," என்றார் அந்தம்மா தாழ்ந்த குரலில். "அண்ணன்னா உசுரு. 'என் அண்ணனக் கூறு போட்டுக் கொடுக்கறதா'ன்னு எங்கிட்ட ஒரு வாரம் பேசல. இன்னைக்குக் கொண்டுவந்து விட்டான். உள்ள மட்டும் வரமாட்டேன்னுட்டான்."

அவர்களைக் கண்டதும் அந்த மனிதர் நேராக நின்றார். ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அண்ணியைப் பார்த்தார். அண்ணி தலையசைத்து, "இவங்கதான்," என்றார்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அண்ணன நல்லாப் பாத்துக்கிட்டீங்களாம்."

வேறு யாராவது கேட்டிருந்தால், 'அது எங்க வேலைங்க' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பாள்.

"பாத்துக்கிட்டேங்க," என்றாள். "நல்லாப் பாத்துக்கிட்டேன். நாள் பூரா கூடவே இருந்தேன்."

அவர் தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, அண்ணி ஏறி உட்காரும்வரை வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொண்டார்.